டொர்வால்ட்ஸின் மேசைக்கணினி: 32 கோரும் ஒரு பழுதான ரேமும்

2020 மே 24 அன்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் 5.7ஆம் பதிப்புக்கான ஏழாவது சோதனைப் பதிப்பை வெளியிட்டபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் அறிவிப்போடு தம் சொந்தச் செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். சுமார் 15 ஆண்டுகளில் முதன்முறையாகத் தம் மேசைக்கணினியில் இன்டெல் செயலி இல்லை. ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 3970எக்ஸ் வந்திருக்கிறது. ‘ஆல்மாட்கான்ஃபிக்’ என்ற சோதனைத் தொகுப்பு, அதாவது கெர்னலின் மூலநிரலை இயங்கும் வடிவாக மாற்றும் வேலை, முன்பைவிட மூன்று மடங்கு வேகமாக முடிகிறது.

புதுக் கணினி கட்ட நினைப்பவர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். அவரே வாங்கிவிட்டார், பிறகென்ன யோசனை என்று கேட்பவர்களை இன்றும் பார்க்கலாம். அவர் வாங்கியது அவருடைய வேலைக்கு. அந்த வேலை என்ன, அந்த இயந்திரம் அடுத்த ஐந்து ஆண்டுகளில் என்ன பாடு பட்டது, 2025இல் அதற்குப் பதிலாக எது வந்தது என்று வரிசையாகப் பார்த்தால், 16 கோர் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் கணிப்புப் பகுதி) கொண்ட சாதாரணச் செயலியா, அதற்கு மேற்பட்ட கோர்கள் கொண்ட, கனமான தொழில் வேலைகளுக்கான பணிநிலையச் செயலியா என்ற கேள்விக்கு விலைப்பட்டியலில் கிடைக்காத விடை கிடைக்கும்.

அன்று கடையில் இருந்தவை

2019 நவம்பர் 25 அன்று ஏஎம்டி ஒரே நாளில் இரு தரப்புச் செயலிகளையும் விற்பனைக்கு விட்டது. ஒரு பக்கம் ரைசன் 9 3950எக்ஸ்: 16 கோர், 749 டாலர், 105 வாட். ஏஎம்4 என்ற சாக்கெட் (செயலி பொருந்தும் இடம்) கொண்ட சாதாரண மதர்போர்டிலேயே உட்காரும். மறுபக்கம் திரெட்ரிப்பர் 3960எக்ஸ் 24 கோருடன் 1,399 டாலருக்கும், 3970எக்ஸ் 32 கோருடன் 1,999 டாலருக்கும் வந்தன. இவ்விரண்டும் 280 வாட். இவற்றுக்கென்று தனி சாக்கெட், தனி சிப்செட். மதர்போர்டு விலையே சுமார் 400 டாலரில்தான் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் 64 கோர் கொண்ட 3990எக்ஸ் 3,990 டாலருக்கு வந்து சேர்ந்தது.

நான்கிலும் உள்ளிருப்பது ஒரே ஜென் 2 வடிவமைப்பு. ஒரு கோரைத் தனியாக எடுத்து ஓட்டிப் பார்த்தால் 749 டாலர்ச் செயலிதான் சற்று முந்தும்: அதன் உச்ச அதிர்வெண் 4.7 கிகாஹெர்ட்ஸ், 3970எக்ஸுடையது 4.5. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பவை கோர்களின் எண்ணிக்கை, ரேமிலிருந்து தரவு வர இரண்டுக்குப் பதில் நான்கு நினைவக வழிகள், கிராபிக்ஸ் அட்டைகளும் என்விஎம்இ என்ற அதிவேக வட்டுகளும் தாராளமாகச் செருகும் அளவுக்கு பிசிஐ தடங்கள். கோர் ஒவ்வொன்றும் வேகமாகிவிடுவதில்லை. கடையில் விலையை மட்டும் பார்ப்பவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தைத் திறக்கவும், பிரவுசரில் ஒரு பக்கத்தை வரவழைக்கவும், பெரும்பாலான விளையாட்டுகளை ஓட்டவும் 2,000 டாலர்ச் செயலி எந்தச் சலுகையும் தராது.

கெர்னல் பராமரிப்பாளர் என்ன செய்கிறார்

ஒரு கெர்னல் பதிப்பு உருவாக ஒன்பது முதல் பத்து வாரங்கள் ஆகின்றன. அவற்றில் முதல் இரண்டு வாரங்கள் ‘மெர்ஜ் விண்டோ’. துணைப் பராமரிப்பாளர்கள் தத்தம் பகுதி மாற்றங்களை அனுப்புவார்கள். டொர்வால்ட்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்ப்பார். இடையிடையே முழுக் கெர்னலையும் தொகுத்துப் பார்த்து எங்காவது உடைந்திருக்கிறதா என்று சோதிப்பார். ஆல்மாட்கான்ஃபிக் என்பது மாட்யூலாக (தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டாக) தொகுக்கக்கூடிய எல்லாவற்றையும் மாட்யூலாகச் சேர்க்கும் அமைப்பு. கெர்னலில் உள்ள டிரைவர்களில் (வன்பொருள்களை இயக்கும் நிரல்கள்) பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். ஒருவர் தம் மடிக்கணினிக்காகத் தொகுக்கும் கெர்னல் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

இந்த வேலைக்கு இரண்டு இயல்புகள் உண்டு. ஒன்று, பல்லாயிரம் சி கோப்புகள், ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் தனித்தனியே தொகுக்கப்படலாம். எத்தனை கோர் இருந்தாலும் விழுங்கிவிடும் வேலை. இரண்டு, அது முடியும்வரை ஒரு மனிதர் காத்திருக்கிறார். இரவு முழுவதும் தானாக ஓடி, காலையில் முடிவைக் காட்டும் வேலையாக இருந்தால் இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஒன்றுதான். அடுத்த மாற்றத்தைச் சேர்க்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. இரண்டாவது இயல்பே முக்கியமானது என்பேன். கோர்களைப் பயன்படுத்த முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் யாராவது காத்திருக்கிறார்களா என்று கேட்பவர்கள் குறைவு.

மூன்று மடங்கு என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

மூன்று மடங்கு என்பதிலிருந்து ஒரு சுவையான கணக்குப் போடலாம். பழைய இயந்திரம் 8 கோர் என்று வைத்துக்கொள்வோம். 2019இல் இன்டெலின் சாதாரண மேசைச் செயலிகளின் உச்சம் அதுதான். கோர் நான்கு மடங்கு ஆயிற்று, வேகம் மூன்று மடங்குதான் ஆயிற்று. எஞ்சியது எங்கே போனது? கெர்னல் தொகுப்பின் கடைசியில் எல்லாக் கோப்புகளையும் இணைத்து ஒரே பிம்பமாக்கும் வேலையும், மாட்யூல்களின் குறியீடுகளைச் சரிபார்க்கும் வேலையும் வருகின்றன. அவற்றைப் பங்கு பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு கோர் உழைக்க, மற்றவை வேடிக்கை பார்க்கும். 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன வரம்பு இதுதான்.

பிரிக்க முடியாத பகுதியை 1 என்று கொண்டால், நான்கு மடங்குக் கோருக்கு மூன்று மடங்கு வேகம் கிடைக்க வேண்டுமானால் பிரிக்கக்கூடிய பகுதி 64 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் 8 கோரில் ஆகும் நேரம் 1 + 8 = 9. 32 கோரில் 1 + 2 = 3. சரியாக மூன்று மடங்கு. இதே கணக்கில் 16 கோருக்கு 5, 24 கோருக்கு ஏறக்குறைய 3.7, 64 கோருக்கு 2.

இது துல்லியமான அளவீடு அல்ல. அதிர்வெண், கேஷ் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவகம்) அளவு, இரு நிறுவனங்களின் கோர் வடிவமைப்பு என்று பல வேறுபாடுகளை இந்தக் கணக்கு விழுங்கிவிடுகிறது. ஆனாலும் வளைவின் வடிவம் தெரிகிறது. மொத்த வேலையில் ஒன்றரை விழுக்காடு மட்டுமே பிரிக்க முடியாததாக இருந்தும், அந்த ஒன்றரை விழுக்காடு மேலே போகப் போக எல்லாவற்றையும் ஆள்கிறது. 8 கோரிலிருந்து 16க்குப் போனால் 9 என்பது 5 ஆகிறது; நான்கு அலகு மிச்சம். அதை 749 டாலர்ச் செயலியே தந்துவிடும். 16இலிருந்து 32க்குப் போக 1,250 டாலர் கூடுதல். மிச்சம் இரண்டு அலகு. 32இலிருந்து 64க்கு மேலும் 1,991 டாலர். மிச்சம் ஒரே ஒரு அலகு. அதுவும் ஏட்டில்தான்.

ஏட்டில்தான் என்று சொல்லக் காரணம் நினைவகம். 3950எக்ஸுக்கு டிடிஆர்4-3200 வகை ரேம் இரண்டு வழிகளில், நொடிக்கு 51.2 ஜிபி. 3970எக்ஸுக்கு நான்கு வழிகளில் 102.4 ஜிபி. கோர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டிலும் கோர் ஒன்றுக்கு 3.2 ஜிபி. அதாவது 32 கோர் திரெட்ரிப்பர், இரண்டு 3950எக்ஸ்களை ஒரே கூட்டில் அடைத்ததற்குச் சமம். கோரும் இரட்டிப்பு, அதற்கு ஊட்டும் வழியும் இரட்டிப்பு. 64 கோர் 3990எக்ஸுக்கும் அதே நான்கு வழிகள், அதே 280 வாட். கோர் ஒன்றுக்கு 1.6 ஜிபி; மின்சாரப் பங்கும் பாதி. அடிப்படை அதிர்வெண் 3.7இலிருந்து 2.9 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியதில் வியப்பில்லை. விண்டோஸில் வேறொரு தொல்லையும் சேர்ந்தது: 64 திரெட்டுக்கு (இந்தச் செயலிகளில் ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு திரெட்டுகளை, அதாவது வேலை இழைகளை, ஓட்டும்) மேல் போனால் அன்றைய விண்டோஸ் 10 அவற்றை இரண்டு குழுக்களாகப் பிரித்துவிடும், பல மென்பொருள்கள் ஒரு குழுவை மட்டுமே பயன்படுத்திவிட்டு மற்றதைத் திரும்பியும் பார்க்காது. லினக்ஸ்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பார்த்தால் 3970எக்ஸைத் தேர்ந்தது நியாயமானதே. உச்சிக்கு ஓடாமல், வளைவு படுத்துவிடும் இடத்துக்குச் சற்று முன்பே நின்றிருக்கிறார். ஆனால் ஆண்டில் ஐந்தாறு முறை, இரண்டிரண்டு வாரம், நாள் முழுக்கத் தொகுத்துக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு நியாயமானது. வாரத்துக்கு இரண்டு முறை கெர்னல் தொகுக்கும் டிரைவர் எழுத்தாளருக்கு 3950எக்ஸே மிகை. அவர் பெரும்பாலும் மாறிய கோப்புகளை மட்டும் மறுபடி தொகுப்பார். அந்த வேலையில் கோர்களுக்குப் பங்கே கிடைக்காது, ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசும்.

அடுத்த ஆண்டு வந்த சங்கடம்

ஏஎம்4 சாக்கெட்டில் 3950எக்ஸ் வாங்கியவர்களுக்கு 2020 நவம்பரில் ஒரு நல்ல காலம் பிறந்தது. ஜென் 3 வடிவமைப்பில் 5950எக்ஸ் வந்தது; மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு அதே மதர்போர்டில் பொருத்திக்கொள்ளலாம். அதே அதிர்வெண்ணில் ஏறக்குறைய 19 விழுக்காடு கூடுதல் வேலை. 2022இல் விளையாட்டுப் பிரியர்களுக்கு 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்டில் கிடைத்தது.

திரெட்ரிப்பர் வாங்கியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அந்த சாக்கெட் மூன்று செயலிகளோடு முடிந்துபோயிற்று. அடுத்து வந்த திரெட்ரிப்பர் 5000 வரிசை ‘ப்ரோ’ மட்டும்தான், வேறு சாக்கெட்டில். சாதாரண வாங்குநருக்கான திரெட்ரிப்பர் 2023 நவம்பரில்தான் திரும்பி வந்தது, அதுவும் புதிய சாக்கெட், புதிய மதர்போர்டு, புதிய வகை ரேமோடு. விலையுயர்ந்த தளம் என்பதால் நீண்ட நாள் வளரும் என்று எண்ணுவது இயல்பு. நடந்தது நேர்மாறு: மலிவான தளம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது, விலையுயர்ந்தது பிறந்த கோலத்திலேயே நின்றது. பணிநிலையச் செயலி வாங்குபவர் பின்னால் மேம்படுத்தலாம் என்ற சொல்லைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும். வாங்கிய அன்று என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை.

2022 அக்டோபர்

இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இங்கேதான் வருகிறது. இரண்டரை ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிய அந்த இயந்திரம் 6.1 பதிப்புக்கான மெர்ஜ் விண்டோவின் நடுவே தடுமாறத் தொடங்கியது. தொகுப்பின் இடையில் நிரல்கள் காரணமின்றிச் சாய்ந்தன. கெர்னலில் ஏதோ பிழை புகுந்துவிட்டதாக முதலில் ஐயம். மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் வாரம் அது. ஐயப்படுவதற்கு எத்தனையோ இருந்தன. பழைய கெர்னலை ஏற்றிப் பார்த்தார்; அப்போதும் அதே நிலை. இரவெல்லாம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டதில் குட்டு உடைந்தது: ஒரு ரேம் பலகை பழுது. புதிய ரேம் வந்து சேரும்வரை மடிக்கணினியில் வேலை நடந்தது. 32 கோர் சும்மா கிடந்தது.

அந்த ரேம் இசிசி வகை அல்ல. இசிசி ரேமில் ஒவ்வொரு 64 பிட் தரவுக்கும் 8 சரிபார்ப்பு பிட்டுகள் துணைக்கு இருக்கும். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்த முடியாவிட்டாலும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். இசிசி இருந்திருந்தாலும் அந்தப் பலகை பழுதாகியிருக்கும்தான். ஆனால் பிழைப் பதிவில் முதல் நாளே வரி வரியாக எச்சரிக்கை வந்திருக்கும்; கெர்னலைச் சந்தேகித்துக் கழிந்த நேரம் மிஞ்சியிருக்கும். 2020இல், கொரோனாவின் தொடக்க மாதங்களில், இசிசி ரேம் நியாயமான விலையில் கிடைக்காததால் சாதாரண ரேமோடு கட்டியதாக அவர் விளக்கினார். ரேம் பழுதாவதற்கு முன்பே, 2021 தொடக்கத்தில், இசிசியைச் சாதாரண மேசைக்கணினிகளிலிருந்து விலக்கிவைத்து அதை ஒரு தனிச் சரக்காக்கியது இன்டெல்தான் என்று கடுமையாகச் சாடியிருந்தார்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 3970எக்ஸ் இசிசியை ஏற்கும் செயலி. ஏஎம்4 ரைசன் செயலிகளும் பெரும்பாலும் ஏற்கும், மதர்போர்டு தயாரிப்பாளர் மனம் வைத்திருந்தால். ஆக, 749 டாலர்ச் செயலியோடு இசிசி ரேம் பொருத்தியவருக்கு 1,999 டாலர்ச் செயலியோடு சாதாரண ரேம் பொருத்தியவரைவிட நம்பகமான இயந்திரம் கிடைத்திருக்கும். பணிநிலையம் என்ற பெயருக்கு ஓர் இயந்திரத்தைத் தகுதியாக்குவது எது என்று என்னைக் கேட்டால், கோர் எண்ணிக்கையை இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன். நாள் முழுக்க ஓடி, பிழை நேர்ந்தால் அதை ஒப்புக்கொள்ளும் இயந்திரமே பணிநிலையம்.

2025: கோர் குறைந்தது

2025 நவம்பர் இறுதியில் லினஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனலின் காணொளி ஒன்றில் டொர்வால்ட்ஸுக்குப் புதிய கணினி கட்டப்பட்டது. செயலி திரெட்ரிப்பர் 9960எக்ஸ், 24 கோர். ரேம் 64 ஜிபி, இசிசி. அந்த வரிசையில் 32 கோர் 9970எக்ஸ் 2,499 டாலருக்கும், 64 கோர் 9980எக்ஸ் 4,999 டாலருக்கும் விற்பனையில் இருந்தபோதும், 1,499 டாலருக்கு வந்த கடைசிப் படியே அவர் மேசைக்குப் போயிற்று. மூன்று தலைமுறை தாண்டிய கோர் ஒவ்வொன்றும் பழைய ஜென் 2 கோரைவிட வெகுவேகமானது என்பதால் 24 என்பது பின்னடைவு அல்ல. கோர் எண்ணிக்கை இறங்கியது, இசிசி விடப்படவில்லை. 2022இன் அந்த வாரத்தை அறிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இன்று இதே கேள்வி ரைசன் 9 9950எக்ஸா, திரெட்ரிப்பர் 9960எக்ஸா என்று வரும். முன்னது 16 கோர், 2024 ஆகஸ்டில் 649 டாலருக்கு வந்தது. மேலே போட்ட கணக்கின்படி கெர்னல் தொகுப்பில் 5க்கு எதிராக 3.7, நூற்றுக்கு 27 அளவில் நேரம் குறையும். செயலி விலை இருமடங்குக்கும் மேல். மதர்போர்டும் ரேமும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் விரியும்; 350 வாட் செயலிக்கு ஈடான குளிர்விப்பானும் வேண்டும். கோருக்காக மட்டும் மாறுபவருக்கு இது மோசமான வியாபாரம் என்றே சொல்வேன்.

ஆனால் இந்த முறை கோரைவிட ரேம்தான் தீர்ப்பு சொல்கிறது. 9950எக்ஸில் இரண்டு ரேம் பலகை செருகினால் டிடிஆர்5-5600 வேகம் கிடைக்கும். நான்கு செருகினால் ஏஎம்டி உறுதியளிப்பது 3600 மட்டுமே. அதிக ரேம் வேண்டுபவருக்கு வேகம் போகும், வேகம் வேண்டுபவருக்கு இடம் போதாது. கெர்னலுக்கு இது பொருட்டல்ல; சி கோப்புகள் நினைவகத்தை அதிகம் கேட்பதில்லை. குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியம் போன்ற பெரிய சி++ திட்டங்களில் ஓடும் ஒவ்வொரு தொகுப்பு வேலைக்கும் ஒன்றிரண்டு ஜிபி ஒதுக்க வேண்டியிருக்கும். 32 திரெட்டையும் நிரப்பினால் 64 ஜிபி வரை காலி. மெய்நிகர் கணினிகள் பத்துப் பன்னிரண்டை ஒன்றாக ஓட்டுபவர், பெரிய திரவ ஓட்டக் கணிப்புகள் செய்பவர், இரண்டு மூன்று கிராபிக்ஸ் அட்டை பூட்டி ரெண்டரிங் செய்பவர், இவர்களுக்கெல்லாம் ரைசன் முட்டி நிற்பது கோரில் அல்ல, ரேம் துளைகளிலும் பிசிஐ தடங்களிலும்தான். அவர்கள் 24 கோர் திரெட்ரிப்பரை வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை, கோர்களில் பாதி தூங்கினாலும்.

9960எக்ஸ் தளம் ‘ரெஜிஸ்டர்டு’ எனப்படும் சர்வர் வகை ரேமை மட்டுமே ஏற்கும். சாதாரண மேசைக்கணினி ரேம் அதில் வேலை செய்யாது. விலை கூடுதல்தான். ஆனால் அந்த வகை இசிசியோடுதான் விற்கப்படுகிறது என்பதால் 2020இல் நேர்ந்ததுபோல் இசிசியை விட்டுவிடும் வாய்ப்பே இல்லை. ரைசன் பக்கம் போகிறவர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. டிடிஆர்5 ரேம் எல்லாமே உள்ளுக்குள் பிழை திருத்துவதாக விளம்பரங்களில் வரும். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே. ரேமிலிருந்து செயலிக்கு வரும் வழியில் நேரும் பிழையை அது காணாது. எது நடந்தாலும் இயங்குதளத்திடம் சொல்லவும் சொல்லாது. உண்மையான இசிசி பலகையைத் தேடி வாங்கி, அதை ஏற்பதாகக் கையேட்டில் வெளிப்படையாகச் சொல்லும் மதர்போர்டில் பொருத்த வேண்டும். இன்டெல் கோர் வரிசை என்றால் அதற்கு டபிள்யூ680, டபிள்யூ880 போன்ற பணிநிலைய சிப்செட் தேவை. இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே 24 கோர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அதில் 8 மட்டுமே பெரிய கோர்கள், 16 சிக்கனக் கோர்கள். 9960எக்ஸின் 24ஓடு அதை எண்ணால் ஒப்பிடக்கூடாது.

திரெட்ரிப்பரே என்று முடிவு செய்தவர் 64 ஜிபி ரேமை ஒரே பலகையாக வாங்கினால் நான்கு வழிகளில் ஒன்றுதான் ஓடும், நொடிக்கு 204.8 ஜிபி வர வேண்டிய இடத்தில் 51.2 வரும், அதாவது 2019இன் 3950எக்ஸுக்குக் கிடைத்த அதே அளவு. நான்கு 16 ஜிபி பலகைகளாக வாங்க வேண்டும். பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.